துருக்கிக்குப் புறப்படும் சகோதரிகளுக்கு



உங்களில் சிலர் வருகின்ற மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ துருக்கிக்குப் போய்வர எண்ணியிருப்பீர்கள். சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்து, வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, இந்த ஊர், அந்த ஊர் என்று பென்சிலால் வட்டமும் போட்டிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். 2024ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நானும், பிள்ளைகளின் வாப்பாவும், என்னுடைய உம்மாவும், மூத்த மகளும் புறப்பட்டோம். பதினேழு நாட்கள், வட்டம் போட்ட ஊர்கள் எட்டு. எட்டையும் விடாமல் பார்த்தோம். ஆனால் உம்மா கேட்டிருந்தது ஒரேயொரு இடம். இஸ்தான்பூலில் அடங்கியிருக்கும் அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் ஸியாரம். அதைத்தான் சரியாகக் காட்ட முடியாமற் போனது. அந்தப் பிழை என்னுடையது. திட்டம் போட்டவள் நான்தான். நீங்கள் அதே பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்டின் அளவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நமது இலங்கையைப் போல ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு பெரிய நாடு அது. மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லை வரை 1,600 கிலோமீற்றர் அளவில் இருக்கும். பருத்தித்துறையிலிருந்து தெவுந்தரை வரை போவதையே பெரிய பிரயாணமாக எண்ணுகிறவர்கள் நாம். வரைபடத்தில் ஒரு விரல்கடை தூரம் என்று நாம் நினைப்பது அங்கே ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் இருக்க வேண்டிய தூரம்.

தூரத்தைக்கூட ஒருவாறு சமாளிக்கலாம். உயரந்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. "துருக்கியில் ஜூன் மாதம் காலநிலை எப்படி?" என்று கேட்டால் அதற்கு ஒரே பதில் கிடையாது. தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் அந்தாலியாவில் ஜூன் மாதப் பகல் 30 பாகையைத் தாண்டிவிடும். அங்கிருந்து உள்நாட்டுக்கு ஏறினால் கொன்யா, கப்படோக்கியா எல்லாம் 1,000 மீற்றருக்கு மேலான மேட்டுநிலம். நம்முடைய பண்டாரவளை அளவு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வெயில் சுடும், இரவில் பத்துப் பாகை வரை இறங்கும். இன்னும் கிழக்கே போனால் எர்சுரும் நகரம் நுவரெலியாவைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. வேனில் தொடங்கிய பிறகும் அதைச் சுற்றியுள்ள மலைகளின் உச்சியில் பனி வெள்ளையாகத் தெரியும். நான் பெட்டி அடுக்கியபோது "வேனிற்காலந்தானே" என்று எல்லோருக்கும் மெல்லிய பருத்தி உடுப்புகளையே வைத்தேன். உம்மா இரண்டு சுவெட்டர்களைக் கொண்டுவந்து தந்தார். பாரம் கூடுகிறது என்று இரண்டையும் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை போவது நல்லதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குளிர்கால மழையில் நனைந்த மேட்டுநிலம் அப்போதுதான் பச்சையாக இருக்கும். ஜூலை வந்தால் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். துருக்கியப் பாடசாலைகள் ஜூன் நடுப்பகுதியில்தான் மூடப்படுகின்றன. அதற்கு முன்னர் கடற்கரை ஊர்களில் நெரிசல் குறைவு. நமது பிள்ளைகளின் தவணை விடுமுறை அந்த நாட்களோடு ஒத்துவராது என்பது ஒரு குறைதான். நாங்கள் பாடசாலை முடித்த மூத்த மகளை மட்டும் கூட்டிக்கொண்டு, சிறியவர்களைச் சாச்சியிடம் விட்டுப் போனோம்.

இந்த நாட்களில் மட்டுமே காணக் கிடைக்கும் காட்சி ஒன்றும் உண்டு. அந்தாலியாவிலிருந்து வடக்கே மலையேறினால் இஸ்பார்த்தா என்ற ஊர் வரும். மகளின் வற்புறுத்தலுக்காகத்தான் அதற்கும் ஒரு வட்டம் போட்டேன். ரோஜா ஊர் அது. மே நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதந்தான் அங்கே பூப் பறிக்கிறார்கள். விடியற்காலையிலேயே பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் இதழிலுள்ள வாசனை எண்ணெய் பறந்துவிடுமாம். சுபஹ் தொழுதுவிட்டுப் போனோம். தலையில் பூப்போட்ட முக்காடும் இடுப்பில் கட்டிய பையுமாகப் பெண்கள் வரிசை வரிசையாக நின்று கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நமது தோட்டத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கும் அதே வேகம், ஆனால் முள் குத்தும் வேலை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க ஏறத்தாழ நான்கு தொன் பூ வேண்டும் என்றார்கள். அந்த எண்ணெய் வாசனைத் திரவியம் செய்வோருக்குப் போகிறது. காய்ச்சும்போது கிடைக்கும் பன்னீரை வீட்டுக்காரர் போத்தலில் அடைத்து விற்கிறார்கள்.

உம்மா ஒரு போத்தலைத் திறந்து முகர்ந்தார். "மகள், இதுதான் பன்னீர். நாங்க கலியாண வீட்டுல செம்புல ஊத்தித் தெளிக்கிறது வெறும் சென்ட் தண்ணி" என்றார். பாஷை தெரியாத அந்தப் பெண்களில் ஒருத்தி உம்மாவின் கை நிறையப் பூவை அள்ளிப்போட்டு, ஸலவாத்துச் சொன்னாள். ரோஜாவைக் கண்டால் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களை நினைத்துக்கொள்வது அங்கே பழைய வழக்கம். உம்மாவும் ஸலவாத்துச் சொன்னார். இருவருக்கும் அது போதுமாயிருந்தது. நாங்கள் அங்கே இருந்தது மொத்தம் மூன்று மணித்தியாலம். அடுத்த வட்டம் கொன்யா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உம்மா எழும்ப மனமில்லாமல் எழும்பியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பக்கத்திலேயே எஃரிதிர் என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் இரண்டு இரவு தங்கியிருக்கலாம். தங்கவில்லை.

கொன்யாவில் 1273இல் வபாத்தான மௌலானா ஜலாலுத்தீன் ரூமி அவர்களின் அடக்கத்தலம், பச்சை நீலக் கோபுரத்தோடு, 1927 முதல் நூதனசாலையாக இருக்கிறது. அதையும் அவசரமாகத்தான் பார்த்தோம். இஸ்தான்பூலிலிருந்து கொன்யாவுக்குக் கடுகதி ரயில் நேராக ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணித்தியால அளவில் கொண்டுபோய் விட்டுவிடும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு பஸ்ஸைவிட அது எவ்வளவோ மேல்.

பஸ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூர பஸ்கள் சுத்தமானவை. தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். தனியாகப் போகும் பெண்ணின் பக்கத்து ஆசனத்தில் அந்நிய ஆணை அமர்த்தாமல் டிக்கட் கொடுக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. பஸ் தரிக்கும் இடங்களில் பெரும்பாலும் சிறிய தொழுகை அறை இருக்கும். "மெஸ்ஜித்" என்று கேட்டால் காட்டுவார்கள். அப்படியொரு இடத்தில் நாங்கள் ளுஹரையும் அஸரையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கித் தொழுதபோது ஒரு மூதாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஹனபி மத்ஹபினர், பிரயாணத்தில் சேர்த்துத் தொழுவது அவர்களிடம் வழக்கமில்லை. மகள் "ஷாபிஈ" என்றதும் மூதாட்டிக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டு பையிலிருந்த செர்ரிப் பழத்தில் பாதியைத் தந்தார்.

தொழுகை நேரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. வருடம் முழுவதும் ஆறரைக்கு மஃரிப் என்று பழகிய நமக்கு அங்கே முதலில் தலை சுற்றும். ஜூன் தொடக்கத்தில் இஸ்தான்பூலில் மஃரிப் இரவு எட்டரைக்கு. இஷா பத்தைத் தாண்டிவிடும், சுபஹ் மூன்றரை அளவில் வந்துவிடும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கே எர்சுருமில் எல்லாமே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் முந்திவிடுகிறது. ஊருக்கு ஊர் நேர அட்டவணையைப் பாருங்கள். பகல் பதினைந்து மணித்தியாலம் நீளுவதால் "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்று சுற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும். உடம்புக்கு மிஞ்சுவது நான்கு மணித்தியால நித்திரை. எங்களைக் களைக்கச் செய்தது நடையல்ல, இந்த நித்திரைக் குறைவுதான். பகலில் ஒரு கைலூலாத் தூக்கத்துக்கு ஹோட்டலுக்குத் திரும்பும்படி திட்டம் போடுங்கள்.

கப்படோக்கியாவில் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, மழையிலும் காற்றிலும் அரிபட்டுக் கூம்பு கூம்பாக நிற்கிறது. பாறையைக் குடைந்து வீடும் ஆலயமும் அமைத்து மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தெரின்குயு என்ற இடத்தில் நிலத்துக்கு அடியிலேயே மாடி மாடியாக ஓர் ஊர். முழங்கால் வருத்தக்காரர்களை அதற்குள் இறக்காதீர்கள். வழி தாழ்வு, குனிந்தே நடக்க வேண்டும். விடியற்காலையில் பறக்கும் பெரிய பலூன்களைக் காண எல்லோரும் ஆசைப்படுவார்கள். காற்றுக் கூடினால் அன்று பறக்க அனுமதி இல்லை. எங்களிடம் இருந்தது ஒரேயொரு விடியல், அன்று காற்று. அங்கே போனால் இரண்டு விடியலாவது கையில் வைத்திருங்கள்.

அங்கிருந்துதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். எர்சுரும் 600 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ். விடியும்போது இறங்கினால் பல் கிடுகிடுக்கும் குளிர். நான்கு பேரிடமும் ஒரு சால்வைக்கு மேல் கனத்த உடுப்பு இல்லை. கடை திறக்கும்வரை பஸ் நிலையத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். அன்று மாலையே உம்மாவுக்குத் தடிமனும் காய்ச்சலும். நகரத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டின் இரட்டை மினாரா மத்ரஸாவை உம்மா பார்க்கவில்லை. ஹோட்டல் ஜன்னலால் மலையைப் பார்த்தபடி போர்வைக்குள் கிடந்தார். "அந்தச் சுவெட்டர் எங்க மகள்?" என்று ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். கேட்கவேயில்லை.

காய்ச்சல் இறங்கியதும் ஒரு வானை வாடகைக்கு அமர்த்தி, வடக்கே கருங்கடல் பக்கம் இறங்கினோம். வழியில் 2018இல் திறக்கப்பட்ட ஓவித் சுரங்கப்பாதை இருக்கிறது, 14 கிலோமீற்றருக்கு மேல் நீளம். மலையகத்துச் சகோதரிகளுக்கு இதை எளிதாக விளக்கலாம். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கத்தில் ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் வெயிலுமாக இருக்குமே, அதேதான், பல மடங்கு பெரிதாக. புகுந்த பக்கம் மரமில்லாத காய்ந்த மலை, ஆழ்ந்த நீல வானம். வெளிவந்த பக்கம் முகில், சாரல், கண்ணெட்டும் வரை கருப்பச்சைக் காடு. கருங்கடல் ஈரக்காற்றை இந்த மலைத்தொடர் தடுத்து வைத்துக்கொள்வதால் மழை முழுவதும் இந்தப் பக்கமே விழுந்துவிடுகிறது. மறுபக்கத்துக்கு மிச்சம் மிகக் கொஞ்சம்.

கீழே ரிசே. தேயிலை! உம்மா எழும்பி உட்கார்ந்தார். சரிவெல்லாம் தேயிலை, கடல் வரைக்கும். அங்கே முதலாவது தேயிலைத் தொழிற்சாலை 1947இல்தான் வந்தது. நமக்கு அவர்கள் பேரப்பிள்ளை முறை. கையால் கிள்ளுவதில்லை. பை பொருத்திய பெரிய கத்தரிக்கோலால் கத்தரிக்கிறார்கள். குளிர்காலத்தில் செடி உறங்கிவிடும் என்பதால் மே தொடங்கி இலையுதிர்காலம் வரைதான் அறுவடை. சிறிய கண்ணாடிக் கிளாஸில் பாலில்லாமல், சீனிக்கட்டி பக்கத்தில் வைத்துத் தருவார்கள். நாளொன்றுக்குப் பத்துக் கிளாஸ் குடித்தாலும் ஆச்சரியமில்லை என்கிற ஊர். உம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் நல்லம், ஆனா நம்மட தேயிலைட மணம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அங்கே இருந்த மூன்று நாளும் மழை. துருக்கியிலேயே கூடுதலாக மழை பெய்யும் மாகாணங்களில் ஒன்று அது என்பதை நான் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். உசுன்கோல் ஏரிக்கும் போனோம். முகிலுக்குள் ஏரி இருந்தது என்று நம்புகிறோம்.

ஜூன் 15ஆம் திகதி இரவு திரப்சோனிலிருந்து விமானத்தில் இஸ்தான்பூல் வந்து சேர்ந்தோம். மறுநாள் இரவு ஊருக்கு விமானம். முதல் இரண்டு நாட்களும் இஸ்தான்பூலில்தானே இருந்தோம், ஏன் அப்போதே ஸியாரத்துக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். அயா சோபியா, நீலப் பள்ளிவாசல், தொப்காபி மாளிகை எல்லாம் ஒரே பகுதியில் இருந்தன. எய்யூப் சற்றுத் தள்ளி, தங்கக்கொம்பு உள்வாய்க் கரையில் இருந்தது. "திரும்பி வரும்போது ஆறுதலாகப் போவோம் உம்மா" என்று சொன்னேன். நான் பார்க்கத் தவறியது நாட்காட்டியை. ஜூன் 16 துருக்கியில் ஹஜ்ஜுப் பெருநாள்.

ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது தங்கியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அபூ அய்யூப் (ரலி). முதுமையிலும் கான்ஸ்தாந்திநோபிள் முற்றுகைக்கு வந்து, அந்த மதிலருகிலேயே வபாத்தானார்கள். சிறுவயதில் உம்மாவின் வாப்பா இந்தச் சரித்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். "அந்த வயசுல அவ்வளவு தூரம் வந்தாங்களே" என்பதுதான் உம்மாவின் பேச்சு. உஸ்மானிய சுல்தான்கள் பதவியேற்கும்போது வாள் பூட்டும் வைபவம் நடந்ததும் இங்கேதான். துருக்கியருக்கு இது எவ்வளவு பெரிய இடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெருநாள் காலையில் இஸ்தான்பூலின் பாதிச் சனமும் அங்கேதான் நின்றதோ என்று தோன்றியது. தெருவிலேயே நெரிசல். உம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. அடக்கத்தலத்தின் வாசலுக்கு நீண்ட வரிசை, கை கொடுத்து அழைத்துப் போக இடமில்லை. முற்றத்துப் பெரிய மரத்தின் பக்கத்தில் ஒரு பெண் எழும்பி உம்மாவுக்கு இடம் கொடுத்தார். உம்மா அங்கேயே உட்கார்ந்து யாஸீன் ஓதினார், துஆச் செய்தார். உள்ளே போகவில்லை. "இங்க இருந்து ஓதினாலும் போய்ச் சேரும் மகள்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை கட்டுநாயக்காவில் இறங்கினால் நமது நாட்டில் அன்றுதான் ஹஜ்ஜுப் பெருநாள். நமக்குப் பிறை, அவர்களுக்குக் கணக்கு. ஆகவே ஒரு நாள் வித்தியாசம் வருவது வழக்கம். இரண்டு பெருநாளும் பிரயாணக் களைப்பிலேயே போயிற்று.

ஆகையால் சகோதரிகளே, டிக்கட் எடுக்குமுன் ஹிஜ்ரி நாட்காட்டியைப் பாருங்கள். துருக்கியில் பெருநாள் திகதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், 2024இல் ஜூன் 16ஆக இருந்தது 2025இல் ஜூன் 6ஆகி, அதன் பிறகு மே மாதத்துக்குள் நகர்கிறது. அதாவது வேனில் தொடக்கத்தில் போக விரும்பும் நம் எல்லோரையும் இது இன்னும் சில ஆண்டுகளுக்குத் தொடும். சில ஆண்டுகளில் அரசாங்கம் அந்த விடுமுறையை ஒன்பது நாள் வரை நீட்டுகிறது. முழு நாடும் சொந்த ஊருக்குப் புறப்படும், பஸ்ஸிலும் ரயிலிலும் இடமிராது. முதல்நாள் காலையில் நூதனசாலைகளும் மூடியிருக்கும். பெருநாளை அங்கேயே கழிக்க ஆசையென்றால் ஒரே ஊரில் அறையெடுத்து அசையாமல் இருங்கள்.

விசாவை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, தூதரகத்திடமே கேளுங்கள். லீராவின் பெறுமதி இறங்கிக்கொண்டே வந்திருப்பதால், போய்வந்தவர்கள் சொல்லும் விலைகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அயா சோபியா 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளிடம் மேல்மாடத்துக்குக் கட்டணம் அறவிடத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் 25 யூரோ, நான்கு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். சுலைமானிய்யா பள்ளிவாசலுக்குக் கட்டணமே இல்லை. 1557இல் மிமார் சினான் கட்டி முடித்தது. என் மனதுக்கு அதுவே கூடுதலாகப் பிடித்தது.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களோடு தொடர்புபடுத்தப்படும் உர்பா நகரம் தென்கிழக்கில் இருக்கிறது. ஜூனில் அங்கே வெயில் 35 பாகைக்கு மேல் போகும், மே முற்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். 2023 பெப்ரவரி 6ஆம் திகதி பூமியதிர்ச்சியில் சிதைந்த மாகாணங்களும் அந்தப் பக்கமே. போகுமுன் விசாரியுங்கள்.

இப்போது நான் மறுபடியும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இம்முறை பன்னிரண்டு நாள், மூன்றே இடம். கிழக்கும் கருங்கடலும் இல்லை. அவை வேறொரு பிரயாணத்துக்கு, அல்லாஹ் நாடினால். முதல் மூன்று நாள் இஸ்தான்பூல். இறங்கிய மறுநாள், அதுவும் ஒரு சாதாரண வாரநாள் காலை, எய்யூப். அன்றைக்கு வேறொன்றும் எழுதவில்லை. பிறகு ரயிலில் கொன்யா, அங்கிருந்து இஸ்பார்த்தா. ரோஜாத் தோட்டமும் எஃரிதிர் ஏரிக்கரையுமாக நான்கு இரவு. கொப்பியை உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். "நாலு இரவு வாணாம், அஞ்சு போடுங்க" என்றார். ஐந்து போட்டிருக்கிறேன். சுவெட்டர் இரண்டையும் அவரே எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.